அறுபத்திரண்டாம் பக்கம்

வேண்டாம் அண்ணாச்சி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா ஆடும், கீழ வச்சா எவனாவது மிதிப்பான். உள்ள துணிமணி இல்ல, ஃபைலு. பஸ்ல இத்தனை இடம் காலியாக் கிடக்கும்போது இந்த ஆளு எதுக்கு நம்ம பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டு உக்காருதான்னு நினைச்சிருப்பிய. நீங்க கையில இங்கிலீஷ் பேப்பர் வச்சிருந்திய, அதான் உக்காந்தேன். காரணம் இருக்கு, பைய சொல்லுதேன். நீங்க எங்க இறங்கணும்? சங்கரன்கோவிலா? அப்ப நேரம் இருக்கு.

நான் போக வேண்டியது மேலக்கரிசல் விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுத இடம். தேவர்குளம் தாண்டினதும் வரும். ஆனா டிக்கெட் எடுத்தது சங்கரன்கோவிலுக்கு. கண்டக்டர் என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சானே, கவனிச்சியளா? சிரிக்கட்டும். ஊர் வாய மூட உலைமூடி கிடையாது.

எம் பேரு ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில ஏ.ஓ., நிர்வாகம் பூரா நாந்தான். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், ஏற்கெனவே நாறிக் கிடக்கு. கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணுத ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னால முப்பத்திரண்டு வருஷம் ஒரு நூல் மில்லுல ரெக்கார்டு செக்‌ஷன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வேலை பாத்தவன் நான். ஃபைல்னா ஒவ்வொரு தாளுக்கும் நம்பர் போடணும். நம்பர் போட்ட தாளை உருவக் கூடாது. இன்னைய தேதி வரைக்கும் ஒரு தாளை நான் உருவினது கிடையாது, கிழிச்சது கிடையாது. மனுசன் மாத்திப் பேசுவான், தாளு பேசாது. இத நீங்க மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

இந்த ஃபைலு யாருதுன்னு கேளுங்க. பொன்கனி. வயசு முப்பத்தொண்ணு. மேலக்கரிசல் ஊரு. வீட்டுக்காரன் பேச்சிமுத்து, லோடு ஆட்டோ ஓட்டுதான். ஒரே பொம்பளைப் பிள்ளை, ஒம்பதாங்கிளாஸ் படிக்கி. பொன்கனி திங்களும் வியாழனும் முதல் பஸ்ல வருவா, நாலு மணி நேரம் மிஷின்ல கிடப்பா, போவா. மூணு வருஷம் அப்படித்தான்.

அவளுக்குத் தண்ணி கூடாது. கிட்னி இல்லாதவங்களுக்குத் தண்ணிதான் விஷம். கூடையில ஒரு பாட்டில் வச்சிருப்பா. பாட்டில் மூடியில ஊத்தி ஊத்தித்தான் குடிப்பா, ஒரு நாளைக்கு இத்தனை மூடின்னு. ஒருநாள் எங்கிட்ட கேட்டா, "சார், வேற கிட்னி வச்சிட்டா ஒரு செம்புத் தண்ணியை அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிக்கலாமாமே, நெசமா?" நான் சொன்னேன், "குடிக்கலாம்மா, குடம் குடமாக் குடி." அவ சிரிச்சா. இந்தச் சிரிப்பெல்லாம் ஃபைல்ல வராது. சரி, அத விடுங்க.

வேற கிட்னி எப்படிக் கிடைக்கும்? விபத்துல மூளைச்சாவு ஆனவங்ககிட்ட இருந்து எடுத்து வைப்பாங்க. அதுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசையைப் பாத்துக்கிடுதது எங்களுக்கு மேல ஒரு ஆபீஸ், வேற ஊர்ல. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நாங்க அங்க மெயில் அனுப்பணும். இன்னார் உயிரோட இருக்கார், ஆபரேஷன் தாங்குத நிலையில இருக்கார்னு நாலு வரி. ரெண்டு திங்கள் அந்த மெயில் போகலைன்னா பேரை நிறுத்தி வச்சிருவாங்க. அழிக்க மாட்டாங்க, நிறுத்தி வைப்பாங்க. திரும்ப மெயில் போனா திரும்பச் சேப்பாங்க. எங்க ஆஸ்பத்திரியில இருந்து அந்த வரிசையில மூணு பேர் இருந்தாங்க. மத்த ரெண்டு பேருக்கு முறை வர வருஷக்கணக்கா ஆகும். பொன்கனிதான் ஏறி ஏறி ஆடி மாசம் மூணாவது இடத்துக்கு வந்திருந்தா.

இதுல என் ஏற்பாடு ஒண்ணு உண்டு. மெயில் அனுப்புனா உடனே பிரிண்ட் எடுக்கணும். அதுல 'அனுப்பப்பட்டது'ன்னு ரப்பர் ஸ்டாம்பு. தேதி. என் கையெழுத்து. பக்க நம்பர். ஃபைலு. எங்க ஆபீஸ்ல ஒரு மெயில் போச்சா இல்லையான்னு எவனும் கம்ப்யூட்டரைப் பாக்க மாட்டான், ஃபைலத்தான் பாப்பான். டாக்டரம்மாவே ஃபைலத்தான் கேப்பாங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆளுக இந்த ஏற்பாட்டைப் பாத்துட்டு எங்கிட்ட கை குடுத்திருக்காங்க.

இன்னொண்ணு. போன வருஷம் பக்கத்துல ஒரு காலேஜ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி தோணி பாஸ்வேர்டு கேட்டிருக்கு. அந்தக் கோட்டிக்காரன் அடிச்சுக் குடுத்துட்டான். மொத்தக் கம்ப்யூட்டரும் போச்சு. மறுநாளே நான் சர்க்குலர் போட்டேன். எந்தப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டாலும் கேன்சல் அமுக்கு, வேற பேச்சு கிடையாது. பாஸ்வேர்டெல்லாம் ஒரு கவர்ல போட்டு, அரக்கு வச்சு, என் பீரோவுக்குள்ள. சர்க்குலர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அதுவும் ஃபைல்ல இருக்கு.

மானூர் வந்துட்டு பாத்தியளா. பரவால்ல, இன்னும் நேரம் இருக்கு.

ஆடி மாசக் கடைசியில கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாத்தினோம். பழசு ஓடிக்கிட்டுதான் இருந்துது. ஆனா இன்ஸ்பெக்‌ஷன் வருது, பழசா இருந்தா மார்க் குறைப்பான். மேலப்பாளையத்துல இருந்து நம்ம கான்ட்ராக்ட் ஆளு, பீர் மைதீன்னு பேரு, வந்தான். சனிக்கிழமை பூரா உக்காந்து புதுசை ஏத்துனான். சாயங்காலம் சொல்லுதான், "சார், ஒரு மெயில் அனுப்பிப் பாத்துருவோம். பாஸ்வேர்டு குடுங்க."

நான் குடுப்பனா? அரக்கை உடைக்கணும், திரும்ப வைக்கணும், சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். "மெயில் வருதா?"ன்னேன். அவன் செல்போன்ல இருந்து ஒண்ணு தட்டிவிட்டான். டிங்குன்னு வந்து விழுந்துது. "வருதுல்லா? வாரது போவாதா? ஒரே வாசல்தான"ன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "அனுப்பிப் பாத்தா நல்லது சார்"ன்னான். நல்லதுன்னுதான சொன்னான், கட்டாயம்னு சொன்னானா? படிச்சவன் அவன், வலுவாச் சொல்லியிருக்கணும்லா? வேலை திருப்திகரமா முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்து அனுப்பிவிட்டேன்.

திங்கக்கிழமை பொன்கனி மெயில். அடிச்சுது ஜெசிந்தா, எங்க ஆப்பரேட்டர். வீட்டுக்காரரு தவறிட்டாரு, ரெண்டு பிள்ளைக. வேலை சுத்தம், ஆனா வாய் சும்மா இருக்காது. "சார், புதுசா ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேக்கு"ன்னா.

"சர்க்குலர் என்ன சொல்லுது?"

"கேன்சல்னு சொல்லுது."

"அப்புறம் என்ன கேள்வி?"

கேன்சல் அமுக்குனா. பிரிண்ட் வந்துது. நான் ஸ்டாம்பு அடிச்சேன், கையெழுத்துப் போட்டேன். பக்கம் நாப்பத்தஞ்சு.

அடுத்த திங்கள் திரும்ப வந்து நிக்கா. "சார், நான் அனுப்புத மெயிலெல்லாம் அவுட்பாக்ஸ்லயே கிடக்கு. போன வாரத்ததும் அங்கதான் கிடக்கு. போகலைன்னு நினைக்கேன்." எனக்குக் கோவம் வந்துட்டு அண்ணாச்சி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் மூணு நாளு. "ஏட்டி, தபால் பெட்டியில லெட்டரைப் போட்டுட்டு, தபால்காரன் வந்து எடுக்கானான்னு காவலுக்கு நிப்பியா? பிரிண்ட் வந்துட்டா? வந்துட்டு. போ, வேலையப் பாரு"ன்னேன். எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன். அவ மூஞ்சி சின்னதாப் போச்சு. நான் எதுக்கு அதக் கவனிக்கணும்? ஆபீஸ்னா அப்படித்தான் இருக்கும்.

மூணாவது நாள் என் மேசையில ஒரு துண்டுச் சீட்டு. பிரிஸ்கிரிப்ஷன் தாளுக்குப் பின்பக்கத்துல எழுதியிருக்கா. 'சார், மெயில் எதுவும் வெளியே போகவில்லை. கவர் பிரித்து பாஸ்வேர்டு தந்தால் சரியாகும். பொன்கனி அக்கா மெயில் முக்கியம். ஜெசிந்தா.' தேதி கிடையாது, பொருள் கிடையாது, பெறுநர் கிடையாது. இத எந்த ஃபைல்ல சேக்க? சொல்லுங்க. நான் சேக்கலை. டிராயர்ல போட்டுட்டேன்.

அந்த வாரமே வரிசை ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துது. வாரதுக்கு ஒரு குறையும் இல்ல, ஜம்முனு வந்துது. 'பொன்கனி பற்றிய இரண்டு வார நிலவரம் வரவில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.' அனுப்பியிருந்தா பொருட்படுத்த வேண்டாமாம்ல! நான் ஃபைலப் பாத்தேன். பக்கம் நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. ரெண்டும் அம்சமா இருக்கு. அப்ப அங்க இருக்குதவன் தூங்குதான்னுதான அர்த்தம்? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. ஆனாலும் நான் விடலை. நல்லா உறைக்கிற மாதிரி ஒரு பதில் எழுதுனேன். இன்ன தேதி, இன்ன தேதி மெயில்களைப் பார்க்கவும், இனியாவது வரும் மெயில்களைக் கவனமாகப் படிக்கவும்னு. ஜெசிந்தாவை அடிக்கச் சொல்லி, அனுப்பச் சொல்லி, பிரிண்ட் எடுத்து, ஸ்டாம்பு அடிச்சு. பக்கம் நாப்பத்தெட்டு.

நீங்க என்ன நினைக்கியன்னு தெரியுது. ஒரு போன் போட்டிருக்கலாமேன்னு. விசாரணையிலயும் இதத்தான் கேட்டாங்க. போன்ல பேசினா பதிவு எங்க இருக்கும்? நாளைக்கு அவன் 'நீ சொல்லவே இல்ல'ன்னா நான் எதக் காட்டுவேன்?

அதுக்கப்புறம் அவங்க ரெண்டாவது மெயில் அனுப்பினாங்க, பேரு நிறுத்தி வைக்கப்பட்டிருக்குன்னு. நான் இன்னும் காரமா பதில் போட்டேன். ஸ்டாம்பு. பக்கம் அம்பத்தொண்ணு.

இந்த நேரத்துலதான் பேச்சிமுத்து வந்தான். எப்பவும் வாசல்லயே நிக்கிறவன், அன்னைக்கு என் ரூமுக்குள்ள வந்துட்டான். துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "சார், இந்த மாசம் போன் வரும் வரும்னு இருக்கோம். செல்லைக் கையில வச்சுக்கிட்டே தூங்குதேன். லிஸ்ட்ல எம் பொண்டாட்டி பேரு இருக்குல்லா சார்?"ன்னான். நான் கோவப்படலை. உக்காரச் சொன்னேன். இதே ஃபைலை எடுத்து விரிச்சு ஒவ்வொரு தாளாக் காட்டுனேன். "இந்தா பாரு, இந்தத் திங்கள். இது போன திங்கள். ஸ்டாம்பு பாத்தியா? கையெழுத்து என்னுது."

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸ்டாம்பு மேல விரல வச்சு மெல்லத் தடவுனான். ஃபைலை ரெண்டு கையாலயும் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "நீங்க இருக்கிய சார், எனக்கு என்ன"ன்னு சொல்லிட்டுப் போனான்.

நான் அவனை ஏமாத்தலையே? நானும் நம்பித்தான காட்டுனேன்?

ஆவணி கடைசியில மதுரைப் பக்கம் ஒரு பையன் பைக்கோட விழுந்து மூளைச்சாவு. கிட்னி பொருந்துது. வரிசையில அவளுக்கு முன்னால இருந்த ரெண்டு பேருக்கும் அதுக்குள்ள கிடைச்சு முடிஞ்சுது. வரிசைப்படி முறை பொன்கனிக்கு. பேரு நிறுத்தி வச்சிருக்கு. அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. இதெல்லாம் எங்களுக்கு அப்பம் தெரியாது, விசாரணையில தெரிஞ்சதுதான். அந்த அடுத்த ஆளு நல்லா இருக்கானாம், வேலைக்கெல்லாம் போறானாம். ஒரு உயிர் பிழைச்சுதுல்லா? அதையும் பாக்கணும்லா? யாரும் அதச் சொல்ல மாட்டேங்காங்க.

புரட்டாசியில பொன்கனிக்குக் காய்ச்சல். மிஷினுக்கு ஊசி போடுத கை வீங்கி, ரத்தத்துல கிருமி ஏறிட்டு. வியாழக்கிழமை வந்தவ திரும்பிப் போகலை. ஐ.சி.யூ.ல நர்சுகிட்ட தண்ணி கேட்டாளாம். நர்சு மூடியில ஊத்தி உதட்டை நனைச்சாளாம். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுது. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை. பொய் சொல்லலை அண்ணாச்சி, இறங்கலை.

பதினாறு கழிஞ்சு மூணாவது நாள். சென்னையில இருந்து டிரஸ்ட் சேர்மன் போன் பண்ணுதாரு. "என்னய்யா நயினார், காலாண்டு ரிப்போர்ட் வரலை?" நான் சொல்லுதேன், "அனுப்பியாச்சு சார், ஃபைல்ல இருக்கு." "உம்ம ஃபைல்ல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இங்க வரலைவே!" அப்புறந்தான் பீர் மைதீனைக் கூப்பிட்டேன். சேர்மன் சொன்னபிறகு கூப்பிடாம இருக்க முடியுமா?

அவன் வந்தான். பாத்தான். "சார், மெயில் வார வழி வேற, போற வழி வேற. சிஸ்டம் மாத்தும்போது வார வழிக்கு உள்ள பாஸ்வேர்டு பழசுல இருந்து தானா வந்துட்டு. போற வழிக்கு உள்ளது அழிஞ்சுபோச்சு. அதத்தான் பெட்டி பெட்டியாக் கேட்டிருக்கு. ஒருதரம் அடிச்சுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்"ன்னான். நான் பீரோவைத் திறந்து, கவரை எடுத்து, அரக்கை உடைச்சேன். ஒரு இடத்துல டிக் போட்டான். பாஸ்வேர்டை அடிச்சான். நாலு நிமிசம் அண்ணாச்சி. டீ ஆறலை.

அவுட்பாக்ஸ்ல அறுபத்திநாலு இருந்துது. நான் அவனுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அறுபத்திமூணு. அறுபத்திரண்டு. குறைஞ்சுக்கிட்டே போகுது. ஒண்ணொண்ணா மேல பேரு தோணுது, மறையுது. மருந்து ஸ்டாக்கு, லீவு விவரம். திடீர்னு 'பொன்கனி, வயது 31, ஆபரேஷனுக்குத் தகுதியான நிலையில் இருக்கிறார்.' போயிட்டு. கொஞ்சம் கழிச்சு திரும்ப 'பொன்கனி, வயது 31.' ஏழு திங்கக்கிழமை, ஏழு மெயிலு. நான் சத்தம் போட்டேன், "நிறுத்துடா, நிறுத்துடா"ன்னு. அவன் திரும்பிப் பாக்கான், "போன பிறகு எப்படி சார் நிறுத்த?"ன்னு. முக்குல உக்காந்திருந்த ஜெசிந்தா எந்திரிச்சு வெளிய போயிட்டா.

பத்து நிமிசம் ஆயிருக்காது. டிங்குன்னு பதில் வந்து விழுந்துது. அங்க அது மனுசன் பாக்காமலே தானா அனுப்புத பதிலாம். என்ன எழுதியிருக்குன்னு சொல்லவா? இருங்க, ஃபைலத் திறக்கேன். இங்க பாருங்க, நீங்களே படிங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல. இத மட்டும் வாய்விட்டுப் படிக்க வரமாட்டேங்கு. படிச்சியளா? 'பொன்கனியின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. தற்போதைய வரிசை எண் ஒன்று. தயாராக இருக்கவும்.'

நான் அதப் பிரிண்ட் எடுத்தேன். ஆமா, எடுத்தேன். வந்த மெயிலுக்குப் பிரிண்ட் எடுக்கணும்லா? ஸ்டாம்பு அடிச்சேன். கையெழுத்துப் போட்டேன். பக்கம் அறுபத்தொண்ணு. கை தன் பாட்டுக்குச் செஞ்சிட்டு.

அப்புறம் டிரஸ்ட் விசாரணை வச்சாங்க. மூணு பேர், நீள மேசை. எங்கிட்ட கேட்டாங்க, "மெயில் போகலைன்னு ஆப்பரேட்டர் உங்களுக்குத் தெரிவிச்சாங்களா?" நான் சொன்னேன், "எழுத்து மூலமா ஃபைல்ல எதுவும் இல்ல." பொய்யா அண்ணாச்சி? ஃபைல்ல இல்லைதான? அவங்க எழுதிக்கிட்டாங்க. ஜெசிந்தாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவ எங்கிட்ட வந்து சண்டை போடலை. சாவியைக் குடுத்துட்டு, "வாரேன் சார்"ன்னு சொல்லிட்டுப் போனா. நாலு வசவு வஞ்சிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்கல்லா. அந்தப் பழமொழி இப்ப எதுக்கு நெனப்பு வருதுன்னு தெரியலை.

எனக்கு ஒரு மெமோ. அவ்வளவுதான். வேலை இருக்கு.

இது தேவர்குளமா? ஆமா, தேவர்குளந்தான். பைய ஓட்டச் சொல்லக் கூடாதா இந்த டிரைவரை.

இப்ப எதுக்குப் போறேன்னு கேளுங்க. பேச்சிமுத்து போன் பண்ணினான். அவனுக்கு எம்மேல ஒரு கோவமும் கிடையாது அண்ணாச்சி, அதுதான் சங்கடம். "சார், ஊர்ல ஆளாளுக்கு என்னமோ சொல்லுதாங்க, லெட்டரே போகலையாம். வெறும் வாய மெல்லுதவனுக்கு அவல் கிடைச்ச மாதிரி பேசுதாங்க சார். எம் பிள்ளை நான் சரியா விசாரிக்கலைன்னு நினைச்சு எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கா. நீங்கதான அந்த ஃபைலை எனக்குக் காட்டுனிய. எம் பிள்ளை இங்கிலீஷ் நல்லா வாசிப்பா. ஒருதரம் கொண்டாந்து காட்டுங்க சார். அவ கண்ணால பாத்துட்டா நம்பிருவா." இதான் அவன் கேட்டது. பிள்ளை பேரு இசக்கிப்பிரியா. சனிக்கிழமை சனிக்கிழமை விலக்குல வந்து நிக்காங்களாம், அப்பனும் மகளும்.

போன சனிக்கிழமை நான் இதே பஸ்ல வந்தேன். அதுக்கு முந்தின சனியும் வந்தேன். ரெண்டு தடவையும் விலக்குல அவங்க நிக்கிறதப் பாத்தேன். நான் குனிஞ்சு உக்காந்துக்கிட்டேன். சங்கரன்கோவில் போய், கோமதியம்மனைக் கும்பிட்டுட்டு, அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். அதான் அந்தக் கண்டக்டருக்குச் சிரிப்பு.

ஏன்னா அறுபது பக்கம் வரைக்கும் காட்டலாம். ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஏழு திங்கள், ஏழு ஸ்டாம்பு, சண்டை போட்டு எழுதின பதிலு. அந்தப் பிள்ளை பாத்துட்டு, "ஆமாப்பா, சார் அனுப்பியிருக்காரு"ன்னு சொல்லும். அப்பனும் மகளும் பேசிக்கிடுவாங்க. ஆனா கடைசித் தாளு இருக்கே. அம்மா செத்த பிறகு அம்மாவைத் தயாரா இருக்கச் சொல்லுத தாளு. அது வாசிக்குமே. தேதியைப் பாக்குமே.

அதனாலதான் அண்ணாச்சி உங்க பக்கத்துல உக்காந்தேன். நீங்க படிச்சவரு. என் பேரு தெரியாது, ஊரு தெரியாது... அதான் எல்லாத்தையும் நானே சொல்லித் தொலைச்சிட்டேன். இந்தக் கடைசித் தாளை நீங்க உருவுங்களேன். நான் உருவ மாட்டேன். உருவினது கிடையாது. நீங்க உருவி உங்க பேப்பருக்குள்ள மடிச்சு வச்சுக்கிடுங்க. நான் அந்தப் பக்கம் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருக்கேன். கயிறை அவுத்து வச்சிருக்கேன், லேசா இழுத்தா வந்துரும்.

எடுத்துட்டியளா?

எடுக்கலையா.

என்ன அப்படிப் பாக்கிய? நான் கொலையா செஞ்சேன்? ஒரு டிக்கு அண்ணாச்சி, ஒரே ஒரு டிக்கு. எனக்கு எப்படித் தெரியும், பிரிண்ட் வந்தா மெயில் போயிட்டுன்னு அர்த்தமில்லைன்னு? யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

சொன்னா. ஒருத்தி சொன்னா. மூணு தடவை சொன்னா.

இந்தா, இது என்னன்னு பாருங்க. சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன், விசாரணை முடிஞ்ச நாள்ல இருந்து. துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில வச்சுக்கிடுதேன். அதே துண்டுச் சீட்டுதான். 'பொன்கனி அக்கா மெயில் முக்கியம்.' தாளைக் கிழிக்காதவன் நான்னு பெருமை பேசினேன்லா. கிழிக்கலை. உள்ள விடலை, அவ்வளவுதான். உள்ள விட்டிருந்தா அன்னைக்கே கவரைப் பிரிச்சிருக்கணும். ரெண்டாவது வாரம் அண்ணாச்சி. மதுரைக்காரப் பையன் அதுக்கப்புறந்தான் விழுந்தான். அந்தப் பாவி மக செம்போட தண்ணி குடிச்சிருப்பா.

நாந்தான். வேற யாரும் இல்ல, நாந்தான்.

பேனா வச்சிருக்கியளா? குடுங்க. அந்த ஃபைலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. வலது பக்கம் மேல் மூலையில. அறுபத்திரண்டு. தேதி அவ போடலை, நான் போடுதேன், அவ குடுத்த தேதி. கீழ 'பெற்றுக்கொண்டேன்'. ஆறுமுகநயினார். இப்ப சீட்டையும் கோத்துக் கயிறைக் கட்டிருவோம். திங்கக்கிழமை இத அந்த மூணு பேர் மேசையில கொண்டுபோய் வைக்கணும். அதுக்கு முன்னால அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்.

அந்தா நிக்காங்க. வேப்பமரத்தடியில. அப்பன் பஸ்ஸைப் பாத்துக் கையக் காட்டுதான் பாருங்க. அந்தப் பிள்ளை கையில பாட்டிலோட நிக்கி. வார ஆளுக்குத் தண்ணி கொண்டாந்திருக்கு போல.

கண்டக்டர் தம்பி, விலக்குல நிப்பாட்டுங்க. ஒரு ஆள் இறங்கணும்.